எச்.எஸ்.ஏ.வில் 750 டாலர் கூடிப்போனதற்கு

நடுவில் வேலை மாறியதில், எச்.எஸ்.ஏ.வில் (அமெரிக்காவில் மருத்துவச் செலவுக்கென்றே இருக்கும் வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) இரண்டு கம்பெனிச் சம்பளத்திலும் பிடித்து 2025க்கு மொத்தம் 5,050 டாலர் சேர்ந்துவிட்டது என்கிறீர்கள். தனிநபர் வரம்பு 4,300 (உங்களுக்கு 55 ஆகவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்).

அவசரப்பட்டு 750ஐ நீங்களே எடுத்துவிடாதீர்கள். அது மருத்துவத்துக்கு அல்லாத செலவாகப் பதிவாகி, வரியோடு 20% அபராதமும் வரும். கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம், கூடுதலாகப் போட்டதைத் திரும்பப் பெற என்றே தனி விண்ணப்பம் இருக்கும், அதைக் கேளுங்கள். 750 மீது கிடைத்த லாபமும் சேர்ந்து வர வேண்டும். 2026 ஏப்ரல் 15க்குள் முடித்தால் 6% அபராதம், அதாவது 45 டாலர், கிடையாது. கெடுவுக்குள் வரி ரிட்டர்ன் போட்டிருந்தால், திருத்தப்பட்ட ரிட்டர்னோடு அக்டோபர் 15 வரையும் வழி உண்டு.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: வரிக்கு முன் பிடித்த பணம் என்பதால் டபிள்யூ-2வில் (கம்பெனி தரும் ஆண்டுச் சம்பளப் படிவம்) காட்டும் சம்பளத்தில் அந்த 750 பொதுவாக இருக்காது. 2025 ரிட்டர்னில் இதர வருமானமாக நீங்களே காட்ட வேண்டும். லாபம் மட்டும், கைக்கு வந்த ஆண்டின் கணக்கில். அப்புறம், ரிட்டர்னோடு எச்.எஸ்.ஏ.வுக்காகப் போடும் படிவம் 8889ஐ மறக்காதீர்கள்.