கூட்டாளி 1 கிளப் சொல்கிறார், கையில் 3 புள்ளி: பதில் சொல்வதா, பாஸா?

வாசகர் ஒருவர் பிரிட்ஜ் மேசையில் நடந்ததை எழுதியிருக்கிறார். கூட்டாளி 1 கிளப் என்று ஏலத்தைத் தொடங்கினார். (ஏலத்தில் சொல்லும் எண்ணோடு ஆறைக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடிகள்; நால்வரும் ஒவ்வொரு சீட்டுப் போடும் ஒரு சுற்றுதான் பிடி. எண்ணோடு சொல்லும் ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப் என்ற வகை துருப்பாகும்.) வலப்பக்கத்து எதிராளி பாஸ். வாசகரின் கை இது:

ஸ்பேட்: குயின், 9, 7, 5, 3
ஹார்ட்: ஜாக், 8, 6, 2
டைமண்ட்: 10, 7, 4
கிளப்: 2

"கிளப்பில் ஒற்றைச் சீட்டு. அதிலேயே ஆட்டம் நின்றுவிடுமோ என்று பயந்து 1 ஸ்பேட் சொன்னேன். கூட்டாளி துருப்பே இல்லாத 2 நோ டிரம்புக்குத் தாவினார். எல்லோரும் பாஸ். ஐந்து பிடிதான் கிடைத்தது. வல்னரபிள் (தோற்றால் அபராதம் கூடும் நிலை) என்பதால் 300 போயிற்று. நான் பாஸ் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார் கூட்டாளி. ஒற்றைச் சீட்டு இருந்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறார் இன்னொரு நண்பர். யார் சொல்வது சரி?"

உங்கள் கூட்டாளி சொல்வதுதான் சரி. அதற்கான காரணம் புரிந்துவிட்டால் இதுபோன்ற எல்லாக் கைகளுக்கும் உதவும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1 என்று எண்ணினால் சீட்டுக்கட்டில் மொத்தம் 40 புள்ளி. 3 நோ டிரம்ப் அல்லது 4 ஸ்பேட் போன்ற கேம் (பெரிய போனஸ் தரும் ஏலம்) எடுக்க இரு கைகளிலும் சேர்த்துச் சுமார் 25 வேண்டும். சமச்சீரான கையில் 20, 21 புள்ளி இருந்தால் கூட்டாளி 2 நோ டிரம்பில் தொடங்கியிருப்பார். அதற்கும் மேல் என்றால் 2 கிளப். ஆகவே 1 கிளப்பில் தொடங்கியவரிடம் அநேகமாக 19க்கு மேல் இல்லை. உங்கள் 3ஐச் சேர்த்தால் 22. பாஸ் சொல்வதால் கேம் எதுவும் கைநழுவப் போவதில்லை. பதில் சொல்ல 6 புள்ளி வேண்டும் என்ற பழைய விதி இந்தக் கூட்டலிலிருந்துதான் வந்தது.

ஆனால் நீங்கள் 1 ஸ்பேட் சொன்னதும், "என்னிடம் 6 இருக்கிறது" என்று கூட்டாளிக்கு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். அவர் 18, 19 புள்ளியோடு அதை நம்பி 2 நோ டிரம்புக்குப் போனார். அவர்மீது குற்றம் சொல்ல முடியாது.

1 கிளப்பிலேயே மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தைப் பார்ப்போம். கூட்டாளியிடம் 14 புள்ளிதான் என்றால் எதிராளிகளிடம் 23 இருக்கிறது. அவர்கள் உங்களை 1 கிளப்பில் நிம்மதியாக ஆடவிடுவது அபூர்வம். நான்காவது ஆள் அநேகமாக வாய் திறப்பார். கூட்டாளியின் கை பலமாக இருந்து எல்லோரும் பாஸ் சொல்லிவிட்டால், 1 கிளப்புக்கு ஏழு பிடி போதும். அதிலும் ஒன்றிரண்டு குறைந்தால் நஷ்டம் 100, 200. நீங்கள் கொடுத்தது 300.

இந்தக் கையிலும் 1 ஸ்பேட் சொல்லும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கூட்டாளிகள் அதை எதிர்பார்த்தே அடுத்த ஏலத்தைச் சொல்வார்கள். அப்படி ஒரு புரிதல் உங்கள் இருவருக்கும் இல்லாதபோது அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்காக 6 என்ற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துத் தொங்கவும் வேண்டாம். அதே கையில் ஸ்பேட் குயினுக்குப் பதிலாக ஏஸ் இருந்து, ஹார்ட் ஜாக் ஒரு சின்னச் சீட்டாக இருந்தால், 4 புள்ளிதான் என்றாலும் நான் 1 ஸ்பேட் சொல்வேன். ஏஸ் பெரும்பாலும் ஒரு பிடியைத் தந்தே தீரும். குயினும் ஜாக்கும் ஆளுக்கொரு வகையில் தனியே கிடந்தால் பெரும்பாலும் ஒன்றுமே தராது. எண்ணிக்கையில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆட்டத்தில் அது மிகப் பெரியது.

கூட்டாளியின் வகை உங்களுக்குப் பொருந்தும்போது கணக்கு இன்னும் மாறுகிறது. அவர் ஐந்து சீட்டோடு 1 ஹார்ட் தொடங்குகிறார் என்று வையுங்கள். உங்களிடம் ஸ்பேடில் 4 மட்டும்; ஹார்ட்டில் ஜாக், 9, 6, 4; டைமண்டில் குயின், 10, 8, 5, 3; கிளப்பில் 8, 6, 2. இதுவும் 3 புள்ளிதான். ஆனால் நான்கு துருப்போடு ஒற்றை ஸ்பேட் இருப்பதால், இரண்டாவது ஸ்பேட் பிடியிலிருந்தே நீங்கள் துருப்பு வெட்டலாம். அதற்கு 3 புள்ளி சேர்த்து, தயங்காமல் 2 ஹார்ட் சொல்லுங்கள். டைமண்டில் ஒரு சின்னச் சீட்டுக் குறைந்து ஹார்ட் ஐந்தாகியிருந்தால் நேரே 4 ஹார்ட்டுக்கே தாவுவேன். பத்துத் துருப்பு நம்மிடம் இருக்கும்போது எதிராளிகளுக்கு ஸ்பேட் நன்றாகப் பொருந்தியிருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஏலத்தில் அவர்களுக்கான இடத்தை அடைத்துவிட வேண்டும்.

பாஸ் சொல்வதே தவறாகும் ஒரு நிலையும் உண்டு. கூட்டாளி 15 முதல் 17 வரை காட்டும் 1 நோ டிரம்ப் தொடங்குகிறார். உங்களிடம் ஸ்பேடில் ஜாக், 8, 6, 4, 2; மற்ற மூன்று வகைகளிலும் 9க்கு மேல் ஒன்றுமில்லை. ஒரே ஒரு புள்ளி. பலர் பெருமூச்சு விட்டு பாஸ் சொல்கிறார்கள். இந்தக் கை நோ டிரம்பில் ஒரு பிடிகூட எடுக்காது. டம்மிக்குள் (மேசையில் விரித்து வைக்கப்படும் உங்கள் கைக்குள்) நுழையவே வழியில்லை. ஸ்பேட் துருப்பானால் அதே சின்னச் சீட்டுகளில் இரண்டு மூன்று பிடி தரும். டிரான்ஸ்ஃபர் முறையில் (வேண்டிய வகைக்கு ஒரு படி கீழுள்ள வகையைச் சொல்லி, கூட்டாளியை அந்த வகையைச் சொல்ல வைப்பது) 2 ஹார்ட் சொல்லுங்கள், கூட்டாளி 2 ஸ்பேட் என்பார், அப்போது பாஸ். கை எவ்வளவு மோசமோ அவ்வளவு அவசியம் இந்த மாற்றம். (2 கிளப் என்று பெரிய கையைக் காட்டித் தொடங்கினால், கையில் பூஜ்யமே இருந்தாலும் பாஸ் கிடையாது; 2 டைமண்ட் சொல்லிக் காத்திருங்கள்.)

ஏலம் சொல்லும் வேகமும் பேசும் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். நெடுநேரம் யோசித்துவிட்டு பாஸ் சொன்னால், "கொஞ்சம் இருக்கிறது" என்று கூட்டாளிக்குத் தெரிந்துவிடும். அந்தத் தகவலைப் பயன்படுத்த அவருக்கு உரிமை இல்லை. 0 முதல் 5 வரையிலான கைகள் ஏழு ஆட்டத்துக்கு ஒன்று வீதம் வரும். எதற்கு பாஸ், எதற்குப் பதில் என்று மேசைக்கு வருமுன்பே முடிவு செய்து வைத்திருங்கள்.

இப்போது உங்கள் கைக்கே திரும்புவோம். நீங்கள் பாஸ் சொல்லியிருந்தால், நான்காவது ஆள் 1 டைமண்ட் சொல்கிறார், கூட்டாளி டபுள் சொல்கிறார், அடுத்தவர் பாஸ் என்று வையுங்கள். அந்த டபுள் மற்ற வகைகளில் ஒன்றைச் சொல்லும்படி உங்களைக் கேட்கிறது. உங்கள் கை பலவீனம் என்பது ஏற்கெனவே அவருக்குத் தெரியும். ஆகவே முன்பு சொல்லக்கூடாத அதே 1 ஸ்பேடை இப்போது அச்சமில்லாமல் சொல்லலாம். அவர் அதை 2 ஸ்பேட் என்று உயர்த்தினால், உங்களிடம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று தெரிந்தே, தன் கையின் பலத்தை நம்பி உயர்த்துகிறார். அங்கேயும் நீங்கள் பாஸ் சொல்லுங்கள்.