விளிம்பைத் தாண்டிய பத்தில் ஒரு விநாடி

கேள்வி: சூப்பர் மரியோ போன்ற அந்தக் கால டூடி பிளாட்பார்ம் வீடியோ விளையாட்டுகளில் (பக்கவாட்டில் ஓடி மேடைக்கு மேடை தாவுபவை) தவறினால் உயிர் போய்விடும், அதில் ஒரு நேர்மை இருந்தது. இப்போது ‘செலஸ்ட்’ போன்றவற்றில் ‘உதவி முறை’ என்ற ஒன்றை வைத்து, தோற்காமலே முடிக்க வழி செய்து கொடுக்கிறார்களாம். இது ஏமாற்று இல்லையா? பதின்மூன்று வயது மகளுக்கு, இத்தகைய சலுகைகள் இல்லாத நல்ல விளையாட்டுகளைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: நேர்மைக்குச் சாட்சியாக நீங்கள் அழைத்து வந்திருக்கும் மரியோவையே முதலில் குறுக்கு விசாரணை செய்துவிடுவோம். 1985இல் வெளியான ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் இரண்டாவது லெவலில், கூரைமேல் ஏறி ஓடி, வெளியேறும் குழாயையும் தாண்டிச் சென்றால் ஒரு மறைவிடம் வரும். அங்கிருந்து நேராக நான்காம் உலகத்துக்குப் போகலாம் (நான்கு லெவல்கள் சேர்ந்தது ஓர் உலகம்), அங்கேயும் இப்படி ஒரு மறைவிடத்தைக் கண்டுபிடித்தால் கடைசியான எட்டாம் உலகத்துக்கே போய்விடலாம். ஆக, மொத்தமுள்ள 32 லெவல்களில் எட்டை மட்டும் ஆடி முடித்துவிட முடியும். அது மட்டுமல்ல, உயிரெல்லாம் தீர்ந்த பிறகு, தலைப்புத் திரையில் ‘ஏ’ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ‘ஸ்டார்ட்’டைத் தட்டினால், தோற்ற உலகத்தின் தொடக்கத்திலிருந்தே மறுபடி ஆடலாம். (டிவியில் கேசட் செருகி ஆடிய நாள்களில் இது எனக்குத் தெரிந்திருந்தால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சியிருக்கும்.) இவை யாவும் உருவாக்கியவர்களே வைத்த வழிகள். மரியோ ஒளித்து வைத்துக் கொடுத்ததைச் செலஸ்ட் பெயர்ப்பலகை போட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று உயிர் என்ற கணக்கை நேர்மை என்று நீங்கள் நினைப்பதும் சரியல்ல. அது காசு போட்டு ஆடும் கடை எந்திரங்களிலிருந்து வந்த வழக்கம். 1981இன் ‘டாங்கி காங்’ அப்படிப்பட்ட எந்திரம்தான். ஆடுபவர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். வீட்டுக்கு வந்த விளையாட்டுகளில் காசுப்பெட்டி போய்விட்டது, உயிர்க்கணக்கு மட்டும் தங்கிவிட்டது.

இவ்வகை விளையாட்டின் இன்பம் தண்டனையில் இல்லை, குதிப்பதில் இருக்கிறது. டாங்கி காங்கில் ஒருமுறை குதித்துவிட்டால் பாதி வழியில் திசையை மாற்ற முடியாது. நான்கே ஆண்டுகளில் மரியோவில் அது மாறியது. பட்டனைத் தட்டினால் சிறு குதிப்பு, அழுத்திப் பிடித்தால் பெரிய குதிப்பு, அந்தரத்தில் இருக்கும்போதே முன்னும் பின்னும் நகரலாம். உலகத்தில் எந்த மனிதனாலும் இப்படிக் குதிக்க முடியாது. ஆனால் கட்டைவிரல் நினைத்ததைத் திரையிலுள்ள உருவம் உடனே செய்வதால், தவறி விழும்போதும் ‘என் தவறுதான்’ என்று மனம் ஒப்புக்கொண்டு இன்னொரு முறை முயல்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் அந்தரத்தில் திரும்புவதும் ஒரு சலுகைதானே?

செலஸ்ட் (2018) இந்தக் கலையை உச்சிக்குக் கொண்டு சென்றது. மேட்லின் என்ற பெண் ஒரு மலையேறுகிறாள். குதிப்பது, சுவரைப் பற்றுவது, அந்தரத்தில் ஒருமுறை பாய்வது, இவ்வளவுதான் அவளால் முடியும். அவள் விளிம்பைத் தாண்டிக் கால் நழுவிய பிறகும், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நீங்கள் பட்டனை அழுத்தினால், விளையாட்டு அதைச் சரியான குதிப்பாக ஏற்றுக்கொள்கிறது. கார்ட்டூனில் பறவையைத் துரத்தும் கயோட்டி என்ற ஓநாய் இன விலங்கு, பள்ளத்துக்குமேல் நிற்பதை உணரும்வரை விழாமல் இருக்குமே, அதை வைத்து இத்துறையினர் இதைக் ‘கயோட்டி நேரம்’ என்கிறார்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பட்டனை அழுத்திவிட்டால், அதை நினைவில் வைத்திருந்து தொட்டவுடன் குதிக்கவைக்கும். மேலெழும்போது தலை ஒரு கட்டையின் மூலையில் இலேசாக இடித்தால், மெல்ல ஒதுக்கி மேலே விட்டுவிடும். இவற்றுள் எதையும் அணைக்க முடியாது; உதவி முறையைத் தொடவே மாட்டேன் என்று சபதம் செய்தவருக்கும் இவை உண்டு. ரகசியமும் இல்லை, ஏனென்றால் உருவாக்கிய மேடி தோர்சனும் நோயல் பெரியும் மேட்லினின் அசைவுக்கான நிரலையே பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள். செத்தால் ஒரு நொடியில் அதே அறையின் வாசலில் நிற்பாள். போதாததற்கு, இறந்த எண்ணிக்கையை நினைத்துப் பெருமைப்படும்படி விளையாட்டே நடுவில் ஓர் அஞ்சலட்டையும் அனுப்பும். இத்தனைக்குப் பிறகும் அது கடினமான விளையாட்டுத்தான் என்பது ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி உங்கள் மகளுக்கு. இப்போதுதான் தொடங்குகிறாள் என்றால் ‘ரேமன் லெஜண்ட்ஸ்’ (2013) வாங்குங்கள். அதில் பாட்டின் தாளத்தோடு ஒவ்வொரு குதிப்பும் பொருந்தும்படி அமைத்த லெவல்கள் சில உண்டு, அவற்றுக்காகவே வாங்கலாம். ஒரே திரையில் பலர் சேர்ந்து ஆடலாம், நீங்களும் ஒரு கன்ட்ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவி இருந்தால் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டர்’ (2023) நல்லது. அதில் யோஷி, நேபிட் என்ற பாத்திரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் எதிரிகள் மோதினாலும் ஒன்றும் ஆகாது, உங்கள் மரியோவின் சொந்த வீட்டிலேயே இந்த நிலை. விரல் பழகியபின் செலஸ்ட். குதிக்கவே முடியாத ஒரு பிளாட்பார்ம் விளையாட்டைப் பார்க்க ஆசை இருந்தால், டெர்ரி காவனாவின் ‘விவிவிவிவிவி’ (2010) இருக்கிறது. அதில் புவியீர்ப்பைத் தலைகீழாக்கிக் கூரைக்கும் தரைக்குமாக விழுந்துகொண்டே போக வேண்டும்.

செலஸ்ட்டின் உதவி முறையை, அதாவது வேகத்தைக் குறைப்பது, கூடுதல் பாய்ச்சல் தருவது, சாகாமல் இருப்பது ஆகியவற்றை, எப்போது போடுவது எப்போது எடுப்பது என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள். சலுகை வாசனையே கூடாது என்பதில் நீங்கள் இன்னும் பிடிவாதமாக இருந்தால், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து டீம் செர்ரி குழுவினர் 2017இல் கொண்டுவந்த ‘ஹாலோ நைட்’ உண்டு. அதில் எளிய முறை என்று ஒன்று கிடையாது. இறந்தால் கையிலுள்ள பணமும் போகும், அதை மீட்கச் செத்த இடத்துக்கே திரும்பிச் சென்று உங்கள் நிழலோடு சண்டையிட வேண்டும், போகும் வழியில் மறுபடி இறந்தால் அந்தப் பணம் போனது போனதுதான். அதை மகளுக்கு வாங்க வேண்டாம், உங்களுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.