மின்னஞ்சலில் போன ஊழல் புகார்: பெயர் ரகசியமாக இருக்குமா?

இருக்காது. மத்தியப் பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, கொள்முதல் முறைகேட்டை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மின்னஞ்சலில் எழுதியிருக்கிறீர்கள். புகார் தருபவரைக் காக்க மத்திய அரசு கொண்டுவந்த 2004 தீர்மானத்தின் ரகசியப் பாதுகாப்பு தபாலில் வரும் புகாருக்கு மட்டும்தான். போதாக்குறைக்கு நகலை நிர்வாக இயக்குநருக்கும் அனுப்பிவிட்டீர்கள். பலருக்கும் போன புகாரை ஆணையம் சாதாரணப் புகாராகத்தான் எடுக்கும்.

சரி, புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் இப்படி அனுப்புங்கள்:

1. ஒட்டிய உறை, ஆணையச் செயலாளருக்கு. மேலே ஆங்கிலத்தில் 'பி.ஐ.டி.பி.ஐ.' (PIDPI, அந்தத் தீர்மானத்தின் சுருக்கப் பெயர்) என்ற எழுத்துகள். உறையில் உங்கள் பெயர் கூடவே கூடாது.

2. உள்ளே பெயரும் முகவரியும் கட்டாயம். மொட்டைக் கடிதத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புகார் உங்களுடையதுதானா என்று கேட்டு ஆணையம் கடிதம் எழுதும், அதனால் அலுவலக முகவரி வேண்டாம், வீட்டு முகவரி கொடுங்கள்.

அனுப்புமுன் புகாரை உங்கள் மேலதிகாரியின் கண்ணால் ஒருமுறை படியுங்கள். "அந்தக் கோப்பில் ஆட்சேபம் எழுதியவன் நான்" என்று ஒரு வரி இருந்தால் போதும், உறையை எப்படி ஒட்டியும் பயனில்லை. பதவி உயர்வு, இடமாற்றக் குறைகளையும் இதில் சேர்க்காதீர்கள். அதற்கு இது இடமில்லை.