வாடகைக்கு இருப்பவர் வாக்காளர் முகவரியை மாற்ற வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமம். திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறேன். நாலு வருடமாக இங்கே வாடகை வீடு. வோட்டர் ஐடி மட்டும் ஊர் முகவரியில் இருக்கிறது. மாற்றலாம் என்றால் வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தர மறுக்கிறார். ஊரில் ஓட்டு போய்விட்டால் அங்கே இருக்கும் வீட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும் சிக்கல் வருமோ என்று பயமாகவும் இருக்கிறது. மகளுக்கு வரும் ஆகஸ்டில் 18 ஆகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் வீட்டுக்காரர் விஷயம். வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்கவோ மாற்றவோ அவர் சம்மதம் வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. இந்தியக் குடிமகனாக, 18 வயது நிரம்பியவராக, அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவராக இருந்தால் பெயர் சேர்க்கலாம் என்கிறது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். சொந்த வீடு இருப்பதால் மட்டுமே ஒருவர் அந்தத் தொகுதியில் குடியிருப்பவராகிவிட மாட்டார் என்று அதன் 20வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. வாடகைக்கு இருக்கும் உங்களுக்கு அந்த முகவரியில் ஓட்டு உண்டு. உங்கள் வீட்டுக்காரர் வேறு ஊரில் வாழ்கிறார் என்றால் அவருக்குத்தான் அங்கே ஓட்டு கிடையாது.

அவர் தர மறுப்பது வழக்கமான, பதிவு செய்யாத 11 மாத ஒப்பந்தம் என்றால், அதனால் பெரிய பயனும் இல்லை. படிவத்தில் உள்ள முகவரிச் சான்றுப் பட்டியல் பதிவு செய்யப்பட்ட வாடகைப் பத்திரத்தைத்தான் கேட்கிறது. ஆனால் அதே பட்டியலில் ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், தண்ணீர், மின்சாரம், கேஸ் ரசீது எல்லாம் இருக்கின்றன. இவற்றில் ஒன்று போதும். சம்பளம் வரும் வங்கிக் கணக்கின் முகவரியைத் திருப்பூருக்கு மாற்றி, பாஸ்புக்கைப் புதிதாக அச்சிட்டு வாங்குங்கள். வாடகைக் குடும்பங்களுக்கு இதுதான் சுலபமான வழி. எந்தச் சான்றும் இல்லாதவரைக்கூட அலுவலர் நேரில் விசாரித்துச் சேர்க்க முடியும். தெருவோரம் தூங்குகிறவர் ஓர் இடத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பித்தால், இரவில் போய்ப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. அப்படியிருக்க, நாலு வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் உங்களைத் திருப்பி அனுப்ப நியாயமே இல்லை.

நீங்கள் நிரப்ப வேண்டியது படிவம் 8. முன்பு வேறு தொகுதிக்குப் போனால் படிவம் 6 கொடுக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து இடமாற்றம் எல்லாமே படிவம் 8தான். பழைய நினைவில் யாராவது 6ஐ நீட்டினால் வாங்காதீர்கள். ஆனால் அதற்கு முன், உங்கள் பெயர் இப்போது பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய எஸ்.ஐ.ஆர். என்ற வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் கணக்கெடுப்புப் படிவங்கள் பழைய முகவரிக்கே போயின. ஊரில் வாங்கி நிரப்பித் தர ஆள் இல்லாத பல குடும்பங்களின் பெயர்கள் அதில் விடுபட்டன. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிழைப்புக்காக ஊர் விட்டவர்களைத்தான் அது அதிகம் பாதித்தது. கையில் அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டுப் போட முடியாது. பெயர் போயிருந்தால் மட்டும் படிவம் 6, புதிதாகச் சேர்ப்பதுபோல.

பெயர் இருக்கிறதா என்று பார்க்க, voters.eci.gov.in என்ற தேர்தல் ஆணைய இணையதளத்தில் ஆங்கிலத்தில் தேட வேண்டியதில்லை. 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே பார்த்துச் சொல்வார்கள். விண்ணப்பத்தைத் தேர்தல் ஆணையத்தின் இசிஐநெட் (ECINET) செயலியிலும் போடலாம், உங்கள் பகுதி பி.எல்.ஓ.விடமும் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) தரலாம். ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பி.எல்.ஓ. விசாரிக்க வருவது பெரும்பாலும் நீங்கள் ஷிப்டில் இருக்கும் நேரத்தில்தான். கதவு பூட்டியிருந்தால் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. அதனால் அவருடைய போன் நம்பரை வாங்கி, எப்போது வீட்டில் இருப்பீர்கள் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

ஊரில் இருக்கும் வீடு, நிலம், பட்டா எதற்கும் இதனால் ஒன்றும் ஆகாது. ரேஷன் கார்டு தனித் துறை, தனிப் பதிவு. ஒன்று மட்டும் உண்மை: உள்ளாட்சித் தேர்தல் பட்டியலும் சட்டமன்றப் பட்டியலை வைத்தே தயாராவதால், ஊராட்சித் தலைவர் தேர்தலில் அங்கே ஓட்டுப் போட முடியாது. இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்வது சட்டப்படி கூடாது. பொய்யான உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். இங்கிருந்தே ஊர் தொகுதிக்கு ஓட்டளிக்க ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது, ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. குழந்தைகளின் பள்ளி, குடிநீர், சாக்கடை எல்லாம் திருப்பூரில் என்றால் இங்கே மாற்றுவதே சரி என்பது என் கருத்து.

மகளுக்கு ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என வருடத்தில் நான்கு தகுதி நாட்கள் உண்டு. 17 முடிந்தவர் இப்போதே படிவம் 6 கொடுத்துவைக்கலாம். அவளுக்கு அக்டோபர் 1 கணக்கு. அவள் பெயரில் முகவரிச் சான்று இல்லையென்றால் உங்களுடையதை வைக்கலாம், ஆனால் நீங்கள் அதே முகவரியில் வாக்காளராக இருக்க வேண்டும். ஆகவே உங்கள் மாற்றம் முதலில் முடியட்டும்.

வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எந்த மாற்றமும் செய்ய முடியாது. விசாரணைக்கும் நாள் பிடிக்கும், தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று இருக்காதீர்கள். நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அப்புறம், வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. தினக்கூலிக்காரர்களுக்கும் அது பொருந்தும். பீஸ் ரேட் என்று சொல்லி உங்கள் கம்பெனி தட்டிக்கழித்தால் அதே 1950 எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள்.