நாய்க்கு எந்த ட்ரை ஃபுட் வாங்குவது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நாமக்கல்லில் தீவன ஆய்வகம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். மக்காச்சோளத்தில் பூஞ்சை, புண்ணாக்கில் புரதம், மீன்தூளில் மணல் என்று தினமும் சோதித்துப் பார்ப்பதுதான் தொழில். வீட்டில் எப்போதும் நாய்கள் உண்டு. நான் கால்நடை மருத்துவர் இல்லை. அதனால் மருந்து கேட்டவர்களின் கேள்விகளை விட்டுவிட்டு, ட்ரை ஃபுட், அதாவது மூட்டையில் வரும் உலர்ந்த உருண்டைத் தீவனம் பற்றியவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அண்ணா, 50 நாள் லேப்ரடார் குட்டி வாங்கியிருக்கோம். குட்டி கொடுத்தவர் ஒரு பிராண்டு சொல்றார், கடைக்காரர் வேற ஒண்ணு சொல்றார். நீங்க ஒரே ஒரு பேரைச் சொல்லுங்களேன். (மதுரை)

பெயர் சொன்னால் இன்றைக்கு உங்களுக்கு வேலை முடியும். ஆனால் அதே பிராண்டில் பத்து வகை இருக்கும், அதில் எதை எடுப்பது என்று கடையில் மறுபடி நிற்பீர்கள். மூட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' (எல்லாச் சத்தும் சரியான அளவில் உள்ள முழு உணவு) என்று இருக்கிறதா, எந்த வயதுக்கு என்று எழுதியிருக்கிறதா, எந்த அளவுகோலின்படி என்று இருக்கிறதா? அமெரிக்கத் தீவன அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ (AAFCO), ஐரோப்பியச் செல்லப்பிராணித் தீவனத் தயாரிப்பாளர் கூட்டமைப்பான ஃபெடியாஃப் (FEDIAF) ஆகியவை வகுத்தவைதான் உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல்கள். ஆஃப்கோ கணக்கில் வளரும் குட்டிக்கு, ஈரப்பதம் நீக்கிய எடையில் குறைந்தது 22.5% புரதமும் 8.5% கொழுப்பும் வேண்டும். வளர்ந்த நாய்க்கு 18%, 5.5% போதும்.

உங்களுடையது லேப். வளர்ந்தபின் 32 கிலோவை எட்டக்கூடிய இனங்களின் குட்டிகளுக்குத் தனி நிபந்தனை உண்டு: கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எனவே 'லார்ஜ் பிரீட் பப்பி' என்று போட்டதை எடுங்கள். 15 மாதம் வரை அதுவே போகட்டும். ஸ்பிட்ஸ், பக் மாதிரி சின்ன இனம் என்றால் ஒரு வயதில் பெரிய நாய்த் தீவனத்துக்கு மாறலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. குட்டி இதுவரை என்ன தின்றதோ அதையே முதல் வாரம் கொடுங்கள். தாயை விட்டு, புது வீட்டுக்கு வந்து, தீவனமும் மாறினால் வயிற்றுப்போக்கு நிச்சயம். பிறகு ஏழு நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி, மூணு மாசம். ஒரு காது நிக்கலை. கால்சியம் சிரப் கொடுத்தா நிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. ட்ரை ஃபுட்டும் கொடுக்கறோம். எவ்வளவு மில்லி கொடுக்கலாம்? (சேலம்)

ஒரு சொட்டும் வேண்டாம். வந்த கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான், ஏனென்றால் இதே கேள்வி வெவ்வேறு இனங்களின் பெயரில் பலரிடமிருந்து வந்திருக்கிறது.

வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு ஏற்பக் கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். சுமார் ஆறு மாதம் வரை குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வருவதில்லை. எவ்வளவு கொடுக்கிறீர்களோ அதில் பெரும் பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் என்ற பெரிய இனக் குட்டிகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார்கள். அதிகக் கால்சியம் கிடைத்த குட்டிகளுக்கு எலும்பும் குருத்தெலும்பும் ஒழுங்காக வளரவில்லை. பெரிய இனங்களில் கால் கோணுவதற்கும் மூட்டு கெடுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த சிரப் பழக்கம் சும்மா வந்ததல்ல. முன்பெல்லாம் குட்டிக்குச் சோறும் கோழிக்கறியும்தான். இரண்டிலும் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அப்படி வளர்ந்த குட்டிக்கு எலும்பு மெலிந்து கால் வளையும். அங்கே கால்சியம் உண்மையாகவே தேவைப்பட்டது. நல்ல ட்ரை ஃபுட்டில் கால்சியமும் பாஸ்பரஸும் கணக்குப் பார்த்துச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதன்மேல் சிரப் ஊற்றினால் அந்தக் கணக்கையே கெடுக்கிறோம்.

காது விஷயம்: பல் முளைக்கும் நான்கு முதல் ஆறு மாத காலத்தில் நின்ற காதுகூடச் சாயும், பிறகு நிமிரும். பொறுத்திருங்கள். கால் வளைவது போலத் தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

முதல் பொருள் 'சிக்கன்' என்று இருந்தால் நல்லது, 'பை-ப்ராடக்ட்' என்று இருந்தால் குப்பை என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். சரியா? (கோவை)

பாதி சரி. பொருட்களை எடை வரிசையில் எழுத வேண்டும், ஆனால் அது சமைப்பதற்கு முந்தைய எடை. பச்சைக் கோழி இறைச்சியில் சுமார் 70% தண்ணீர். அது ஆவியானபின் முதலிடத்தில் இருந்த கோழி மூன்றாவது, நான்காவது இடத்துக்குப் போயிருக்கும். 'சிக்கன் மீல்' என்பது ஏற்கெனவே தண்ணீர் எடுத்த தூள். அது இரண்டாவதாக இருந்தாலும் புரதம் அதிகம் தரலாம். இன்னொரு வித்தையும் உண்டு. மக்காச்சோளம், மக்காச்சோள மாவு, மக்காச்சோள குளூட்டன் (அதன் புரதப் பகுதி) என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கி இறைச்சி மேலே ஏறிவிடும். அவற்றைக் கூட்டிப் பாருங்கள்.

பை-ப்ராடக்ட் என்றால் ஈரல், நுரையீரல், சிறுநீரகம், மண்ணீரல் போன்றவை. ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் நம் வீடுகளில் விரும்பிச் சமைப்பவை. நாய்க்கும் அவை சத்தான உணவுதான். பை-ப்ராடக்ட் என்றாலே குப்பை என்பது, ஈரல், மண்ணீரலை வேண்டாம் என்று ஒதுக்கும் மக்களின் தயக்கம். நாம் அதை இரவல் வாங்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறு: எந்த விலங்கு என்றே சொல்லாமல் 'மீட் மீல்', 'அனிமல் ஃபேட்' என்று மட்டும் போட்டிருந்தால் நான் தவிர்ப்பேன்.

'ப்ரீமியம்', 'ஹோலிஸ்டிக்' போன்ற சொற்களுக்குச் சட்டத்தில் எந்த வரையறையும் கிடையாது. நம் நாட்டின் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 'உணவு' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே விலங்குத் தீவனம் இல்லை. ஆகவே கம்பெனிக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள்: இதை வடிவமைத்தவர் விலங்கு ஊட்டச்சத்து படித்தவரா, எந்த ஆலையில் தயாராகிறது, 100 கிராமில் எத்தனை கலோரி? உலகச் சிறு விலங்கு மருத்துவர்கள் சங்கமும் இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. பதில் சொல்லாத கம்பெனியை விட்டுவிடுங்கள்.

அரிசி, கோதுமை இல்லாத 'கிரெய்ன் ஃப்ரீ' தான் நாய்க்கு இயற்கையானதாமே? (பெங்களூரு)

இல்லை. 2013இல் 'நேச்சர்' இதழில் வந்த மரபணு ஆய்வு, ஸ்டார்ச்சை (மாவுச்சத்தை) செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதனோடு சேர்ந்து சோறு தின்று மாறிய உடல் அது. தானியத்தை எடுத்தால் அந்த இடத்தில் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு வரும். ஸ்டார்ச் போய்விடாது.

அத்தகைய தீவனம் தின்ற நாய்களுக்கு இதயத் தசை பலவீனமாகி விரிவடைவது பற்றி 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. இதுதான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் கூடுதல் விலை கொடுத்து அந்தச் சந்தேகத்தை வாங்க வேண்டுமா? மருத்துவர் சொல்லாமல் வாங்காதீர்கள்.

பட்ஜெட் கம்மி சார். கிலோ 300 ரூபாய்க்கு ஒண்ணு, 360க்கு ஒண்ணு இருக்கு. 300 ரூபாயுதே போதும்தானே? (திருச்சி)

கிலோ விலையை விட்டுவிட்டு ஒரு நாள் செலவைப் பாருங்கள். உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு 1,200 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 300 ரூபாய்த் தீவனத்தில் 100 கிராமுக்கு 320 கலோரி என்றால் 375 கிராம் கொடுக்க வேண்டும், சுமார் 112 ரூபாய். 360 ரூபாய்த் தீவனத்தில் 400 கலோரி என்றால் 300 கிராம் போதும், 108 ரூபாய். மலத்தின் அளவும் குறையலாம்.

மூட்டையில போட்ட அளவுதான் கொடுக்கறேன். என் லேப் 38 கிலோ ஆயிட்டான். டாக்டர் 30தான் இருக்கணும்ங்கறார். (சென்னை)

மூட்டையில் உள்ள அளவு பொதுவாக எல்லா நாய்க்கும் சேர்த்துப் போட்டது. கருத்தடை செய்து, மூன்றாவது மாடி வீட்டில் படுத்திருக்கும் நாய்க்கு அது அதிகம்.

போன் கால்குலேட்டரில் இப்படிப் போடுங்கள். இருக்க வேண்டிய எடையை மூன்று முறை பெருக்குங்கள்: 30 × 30 × 30 = 27,000. வர்க்கமூலத்தை இரண்டு முறை அழுத்துங்கள்: 12.8 வரும். அதை 70ஆல் பெருக்கினால் சுமார் 900. ஓய்வில் இருக்கும் 30 கிலோ உடலுக்கு ஒரு நாளில் தேவையான கலோரி அது. கருத்தடை செய்த சாதாரண நாய்க்கு 1.6ஆல் பெருக்குவார்கள். எடை குறைய வேண்டிய உங்கள் நாய்க்கு அந்த 900ஐ வைத்துத் தொடங்கலாம். 100 கிராமில் 360 கலோரி உள்ள தீவனம் என்றால் 250 கிராம். தராசில் நிறுத்துக் கொடுங்கள், கிண்ணக் கணக்கு வேண்டாம். இவ்வளவு குறைக்கும்முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எடை குறைப்பதற்கென்றே உள்ள தீவனம் தேவை என்று அவர் சொல்லலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25% குறைவாகத் தீவனம் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை சராசரியில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவலியும் தாமதமாகத்தான் வந்தது. எந்த பிராண்டும் இந்த இரண்டு வருடத்தை உங்களுக்குத் தராது.

எங்க சிப்பிப்பாறைக்கு நேர்மாறான பிரச்சனை. விலா எலும்பு தெரியுது, பட்டினி போடறோம்னு ஊரே பேசுது. எந்த ஃபுட் போட்டா உடம்பு வைக்கும்? (விருதுநகர்)

ஊர் பேசட்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தி ஓடப் பிறந்தவை. கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரிவது அவற்றுக்கு அழகு, ஆரோக்கியம். தொட்டுப் பாருங்கள்: விலா மேல் விரல் ஓட்டும்போது, நீட்டிய புறங்கையைத் தடவுவது போல எலும்பு தட்டுப்பட்டால் சரியான உடல். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் துருத்தி நின்றால், தொடைச் சதை வற்றியிருந்தால் குடற்புழு, உண்ணிக் காய்ச்சல் சோதனை செய்யுங்கள். தீவனம் மாற்றுவது அதற்குப் பிறகு.

அம்மாவுக்குத் தயிர் சாதம் போடாமல் மனசு கேக்காது. ட்ரை ஃபுட்டோடு கலந்து கொடுக்கலாமா? 12 கிலோ நாட்டு நாய். (தஞ்சாவூர்)

கொஞ்சம் கொடுக்கலாம், அம்மாவின் மனதும் முக்கியம்தான். மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரை வெளி உணவு இருக்கலாம். 12 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 720 கலோரி அளவு தேவை என்றால், 70 கலோரி உங்கள் கையில். ஒரு வேகவைத்த முட்டை, அல்லது நான்கைந்து ஸ்பூன் தயிர் சாதம். பாதிக்குப் பாதி கலந்தால் தீவனத்தில் அளந்து வைத்த சத்தெல்லாம் நீர்த்துப்போகும். குட்டிக்கு அது கூடவே கூடாது. குழம்பு, சாம்பார் ஊற்றிப் பிசைவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும்.

கடையில மூட்டையைப் பிரிச்சு லூஸ்ல கிலோ கணக்குல தர்றாங்க, விலை கம்மி. வாங்கலாமா? (கடலூர்)

வாங்காதீர்கள். இது என் தொழில் சார்ந்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உருண்டையின் மேல் கொழுப்பு பூசியிருக்கும். காற்றும் வெயிலும் பட்டால் அது காறிப்போகும், வைட்டமின்களும் குறையும். கடலோரக் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது ஈரலைத் தாக்கும். மக்காச்சோளத்தில் இதைத் தேடுவதுதான் எங்கள் ஆய்வகத்தின் அன்றாட வேலை. பூஞ்சையைத் துடைத்தாலும், மறுபடி சூடாக்கினாலும் நஞ்சு போகாது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் இதற்காகவே ஒரு தீவனத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்திருக்கலாம் என்று புகார்கள் வந்தன. லூஸில் வாங்கினால் பேட்ச் எண் கிடையாது, காலாவதித் தேதி கிடையாது, புகார் சொல்லவும் வழி கிடையாது.

ஒரு மாதத்தில் தீரும் அளவு மூட்டை வாங்குங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டாமல், மூட்டையோடு டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். சமையலறை அடுப்புப் பக்கம் வேண்டாம். தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். நன்றாகத் தின்ற நாய் திடீரென்று முகர்ந்துவிட்டு நகர்ந்தால் அதை மதியுங்கள். வாந்தி எடுத்து, ஈறோ கண்ணோ மஞ்சளானால் தீவனத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நாங்கள் சைவம். சைவ ட்ரை ஃபுட் போதுமா? (மயிலாப்பூர்)

வளர்ந்த நாய்க்கு, 'கம்ப்ளீட்' என்று உறுதி தரும் தீவனமாக இருந்தால் போதும். மெத்தியோனின், டாரின், பி12 ஆகிய சத்துகளைச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். குட்டிக்கும் சினை நாய்க்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பூனைக்கு அறவே ஆகாது.

ஓயாமல் சொறிகிறது. சிக்கன் அலர்ஜி என்று ஃபுட்டை நாலு தடவை மாற்றிவிட்டேன். (ஈரோடு)

முதலில் தெள்ளும் உண்ணியும் பாருங்கள். நம் ஊர்ச் சொறிக்குப் பெரும்பாலும் அவைதான் காரணம். உணவு அலர்ஜி இருக்கிறதா என்று அறிய நம்பகமான வழி, இதுவரை தின்னாத புரதத்தை மட்டும் குறைந்தது எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. நடுவில் பிஸ்கட்கூடக் கூடாது. மாதம் ஒன்றாக மாற்றினால் எதுவும் தெரியவராது.

11 வயது ஆச்சு எங்க ரோசிக்கு. வயசான நாய்க்குப் புரதம் குறைக்கணும், இல்லேன்னா கிட்னி போயிடும்னு சொல்றாங்களே? (நாகர்கோவில்)

சிறுநீரகம் நன்றாக இருந்தால் குறைக்கக் கூடாது. வயதில் தசை கரையும், அதைத் தாங்க நல்ல புரதம் வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் இரண்டையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். கோளாறு இருந்தால் மட்டும் டாக்டர் சொல்லும் தனித் தீவனத்துக்குப் போங்கள். பல் வலியால் கடிக்கச் சிரமப்படுகிறதா என்றும் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள்.