உயரத்தை மட்டும் பாக்காதேங்கோ

அண்ணை, கூடைப்பந்தில ஆறடி நாலங்குலப் பெடியனையா, ரெண்டங்குலம் குறைஞ்சாலும் பந்தை நல்லாப் பிடிச்சுக் குடுக்கிறவனையா சென்டரில (கூடைக்குக் கிட்ட நிண்டு ஆடுற இடம்) விடுறது எண்டு கேட்டிருந்தீங்கள். நான் எண்டா ரெண்டாமவனைத்தான் விடுவன். என்பிஏ எண்ட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில சென்டரா ஆடுற யோக்கிச்சைப் பாருங்கோ: பெரிசாத் துள்ளமாட்டார், 2014 டிராப்டில, அதாவது அணியள் புது ஆக்களைத் தெரிவுசெய்யேக்க, 41ஆவது ஆள். பிறகு மூண்டுதரம் என்பிஏயின்ர எம்விபி, அதாவது சீசனின்ர சிறந்த வீரர்! எல்லாம் கையும் கண்ணும் செய்த வேலை.

அதுக்காக நெட்டையனைக் கைவிட்டிடாதேங்கோ. ஏழடிக்கு மேல உயரமான வெம்பன்யாமா என்பிஏயில முதல் சீசனிலயே ஆட்டத்துக்குச் சராசரி 3.6 பிளாக் (எதிராளி எறியிற பந்தைத் தடுக்கிறது). ஆனா உங்கட ஆள் எறியிற மாதிரிக் காட்டுற ஒவ்வொரு ஏய்ப்புக்கும் துள்ளினா, அஞ்சு பவுலோட வெளிய வந்து குந்தவேண்டியதுதான். கையை உயர்த்திக்கொண்டு நிலத்தில நிக்கப் பழக்குங்கோ.

திருகோணமலைக் கடற்காத்துக்கு வெளிக் கோர்ட்டில தூர சூட்டை வச்சு ஒருத்தரையும் எடைபோடேலாது. ரெண்டுபேரையும் உப்புவெளி மணலில ஓடவிடுங்கோ. பிறகு கோர்ட்டில இறக்கி, களைச்ச நேரத்தில ஆர் தடுக்கத் திரும்பி ஓடிவாறான் எண்டு பாருங்கோ.