ஒரு டொமைனுக்கு எத்தனை சாவி?

கேள்வி: பாத்திரக் கடை நடத்துகிறோம். ஆபீஸ் மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருக்கிறது. பில்களை பில்லிங் சாப்ட்வேர் அனுப்புகிறது, ஆடித் தள்ளுபடி மெயில்களை வேறொரு நிறுவனம் அனுப்புகிறது. எல்லாம் எங்கள் டொமைன் பெயரில்தான். பில்கள் ஸ்பேமில் விழுவதால் டிகிம் (மெயில் எங்கள் டொமைனுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து) சாவி போடச் சொல்கிறார்கள். வெப்சைட் பார்த்துக்கொள்ளும் தம்பியோ, டொமைனுக்கு ஒரு சாவிதான், இன்னொன்று போட்டால் கூகுள் மெயில் நின்றுவிடும் என்கிறார். அப்படியா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: இல்லை. தம்பி இதை எஸ்பிஎஃப்போடு, அதாவது உங்கள் டொமைன் பெயரில் யார் யார் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியலோடு, குழப்பிக்கொண்டார். டொமைனுக்கு ஒன்றே ஒன்று என்ற விதி அதற்குத்தான், அங்கே இரண்டு பதிவு போட்டால் இரண்டுமே செல்லாது. டிகிம்மில் எத்தனை பேர் அனுப்புகிறார்களோ அத்தனை சாவி வைக்கலாம். ஒவ்வொன்றும் 'செலக்டர்' என்ற தனிப் பெயரில் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் பொதுப் பதிவேடு) இருக்கும், எந்த செலக்டர் என்று மெயிலின் ஹெட்டரிலேயே எழுதியிருப்பதால் வாங்கும் சர்வர் அந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சரிபார்க்கும். கூகுள் வழக்கமாகத் தன் பெயரையே செலக்டராகத் தரும். மற்ற இருவரின் பெயரும் அதிலிருந்து வேறாக இருந்தால் போதும்.

ஒரே பிரைவேட் சாவியை (கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி) மூவருக்கும் கொடுத்துவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒருவரிடம் கசிந்தால் மூன்றுக்கும் ஆபத்து.

சிக்கல் பெரும்பாலும் டிஎன்எஸ் பேனலில்தான் வரும். 2048 பிட் சாவி நீளமானது, ஆனால் அதை வைக்கும் டெக்ஸ்ட் பதிவில் ஒரு துண்டு 255 எழுத்தைத் தாண்டக் கூடாது, சில பேனல்கள் தானே பிரித்துக்கொள்ளும், சில சத்தமில்லாமல் வாலை வெட்டிவிடும். சேமித்த பிறகு கடைசி எழுத்து வரை ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர்க் கட்டத்தில் டொமைனையும் சேர்த்து ஒட்டினால், பேனல் இன்னொரு தடவை அதைச் சேர்த்துக்கொள்ளும் (இது எனக்கு வரும் கடிதங்களில் பாதி!). அனுப்பும் நிறுவனம் சிநேம் பதிவு (அவர்களிடம் உள்ள சாவியைச் சுட்டிக்காட்டும் பதிவு) தந்தால் அதையே போடுங்கள், சாவியை அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

அப்புறம் மூன்று இடத்திலிருந்தும் ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி 'ஷோ ஒரிஜினல்' திறந்து பாருங்கள். டிகிம் 'பாஸ்' என்பது மட்டும் போதாது, பக்கத்தில் வரும் டொமைன் உங்களுடையதா? பில்லிங் கம்பெனியின் பெயர் வந்தால் கையெழுத்து அவர்களுடையது, டிமார்க் (சரிபார்ப்பில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று நீங்கள் அறிவிக்கும் விதி) அதை உங்கள் கணக்கில் சேர்க்காது. ஜிமெயிலுக்கு ஒரே நாளில் சுமார் 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களிடம் கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கேட்கிறது, ஆடி மாதத்தில் நீங்கள் அந்தக் கணக்கைத் தொட்டுவிடலாம். மூன்று வழியும் உங்கள் டொமைனில் பாஸ் ஆகும் வரை டிமார்க்கை 'நன்'னிலேயே (ஒன்றும் செய்யாதே) வையுங்கள், 'ரிஜெக்ட்'டுக்குப் (ஏற்காதே) போக அவசரம் வேண்டாம்.